கண் மட்டும் சாய்ந்திருக்கும்: சூப்பர் ஹீரோ தொடர்களில் போலி நாயகன்

1966 நவம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பானது அல்ட்ராமேன் தொடரின் 18ஆவது பகுதி. நாலு மாதமாக நகரத்தைக் காப்பாற்றி வந்த அதே ராட்சத உருவம் இந்த வாரம் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறது. வெள்ளி உடம்பு, சிவப்புப் பட்டைகள், நெஞ்சு நடுவில் விளக்கு, எல்லாம் இருக்கின்றன. ஆனால் கண்கள் இரண்டும் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. சிவப்புப் பட்டைகளின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. பூட்ஸ் நுனி கூராக இருக்கிறது. கதைக்குள் இருக்கும் விஞ்ஞானிகளும் வீரர்களும் "அல்ட்ராமேனா இப்படி!" என்று திகைத்து நிற்கிறார்கள். வீட்டில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை, "அது அவரில்ல" என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடும்.

வந்தவன் ஸாராப் என்னும் வேற்றுக் கோளவன். தோக்கியோவை மூடிய கதிரியக்கப் பனிமூட்டத்தை விலக்கிக் காட்டி, நான் உங்கள் சகோதரன் என்று உறவு கொண்டாடி நுழைகிறான். 'பிரதர்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய எழுத்தில் 'புராஸா' என்று எழுதுவார்கள். அந்த எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ஸாராபு'. பெயரிலேயே தலைகீழ்ச் சகோதரன். அல்ட்ராமேனாக மாறக்கூடிய ஹயாத்தாவைக் கட்டிப்போட்டுவிட்டு, அவர் வேடத்தில் ஊரை அழித்து, மக்களே அல்ட்ராமேனை வெறுக்கும்படி செய்வதுதான் அவன் திட்டம்.

குழந்தைகளுக்கான சூப்பர் ஹீரோ தொடர்களில் பிறகு வந்த போலிகள் எல்லாவற்றுக்கும் இலக்கணம் இந்த ஒரு பகுதியிலேயே இருக்கிறது. கதைக்குள் இருப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. திரைக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கு உடனே தெரிந்தாக வேண்டும். பெரியவர்களுக்கான மர்மக் கதையில் யார் அசல் என்று கடைசிவரை மறைக்கலாம். குழந்தைகள் தொடரில் அப்படிச் செய்தால் கதை பிடிபடாது. நாயகனே அடிவாங்குவதாக நினைத்துப் பிள்ளை அழும். அதனால் போலியின் உடம்பில் எங்காவது ஒரு தையல் வெளியே தெரிய வேண்டும். அந்தத் தையலை எங்கே போடுவது என்பதில்தான் வடிவமைப்பவரின் வேலை முழுக்க அடங்கியிருக்கிறது.

நளன் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுயம்வரத்தில் தேவர்கள் நளன் வடிவில் வரிசையாக உட்கார்ந்தபோது தமயந்தி பார்த்ததும் தையலைத்தான். யார் கண் இமைக்கிறது, யார் கால் தரையில் படுகிறது, யார் மாலை வாடியிருக்கிறது. ஆனால் அங்கே குறை அசலிடம் இருந்தது. போலிகள் குறையே இல்லாமல் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். தொலைக்காட்சி அதைத் திருப்பிப் போட்டது. அசல் வாராவாரம் பார்த்துப் பழகிய முகம் என்பதால் குறையைப் போலிமேல்தான் ஏற்ற முடியும்.

இனி அந்தக் குறை ஏன் கண்ணிலும் கோட்டிலும் பூட்ஸ் நுனியிலும் இருந்தது, நிறத்தில் ஏன் இல்லை? அல்ட்ராமேன் வண்ணத்தில் படமாக்கப்பட்ட தொடர். ஆனால் 1966இல் பெரும்பாலான ஜப்பானிய வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். சிவப்பை நீலமாக்கியிருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்திருக்கும். காரணம் இதுதான் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லாவிட்டாலும், மூன்று மாற்றங்களுமே சாம்பல் திரையில் தாக்குப்பிடிப்பவை: ஒன்று கோணம், ஒன்று கோடு, ஒன்று வெளிவடிவம். ஆறே ஆண்டு கழித்து வந்த போலிகளோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். அதற்கு முன் பட்டறைப் பக்கம் போய் வர வேண்டும்.

முகமூடி இருந்தால் இரட்டை வேடம் மலிவு

முகம் தெரியும் நடிகரை வைத்து இரட்டை வேடம் எடுப்பது பழைய முறையில் பெரிய பாடு. கேமராவை ஆணியடித்தாற்போல் நிறுத்த வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து இடப்பக்கம் எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து வலப்பக்கம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் மாறினாலோ, ஸ்டாண்ட் நூலளவு அசைந்தாலோ, நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினாலோ காட்சி கெட்டது. இரண்டு உருவமும் ஒன்றையொன்று தொடாது. கட்டிப் புரண்டு சண்டை போட வேண்டுமென்றால் ஒருவர் முதுகைக் காட்டியே ஆக வேண்டும், முதுகைக் காட்ட ஒரு டூப் வேண்டும்.

நாயகன் தலைக்கவசம் போட்டவன் என்றால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இன்னொரு உடை, அதற்குள் இன்னொரு சண்டைக் கலைஞர். அவ்வளவுதான். கேமரா எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம், இருவரும் கழுத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஒருவரைத் தூக்கி மற்றவர் எறியலாம். ஜப்பானின் டொகுசாட்சு தொடர்களில் (உடைக்குள் ஆள் நடித்து, சிறிய மாதிரிக் கட்டடங்களை உடைத்து எடுக்கும் வகை) போலிகள் இவ்வளவு பெருகியதற்கு முதல் காரணம் கற்பனை அல்ல, கணக்கு. வாராவாரம் ஒரு புது அரக்கனுக்குப் புதிதாக உடல் செதுக்க வேண்டும். நாயகனுக்கோ அச்சு ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடி இழையில் செய்யும் தலைக்கவசத்தை அதே அச்சிலிருந்து இன்னொன்று எடுத்துவிடலாம். அண்மைக் காட்சிக்குப் பளபளப்பான ஒன்று, சண்டைக்கு அடிபட்டாலும் தாங்கும் ஒன்று என்று நாயகனுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தலைகள் வைத்திருப்பார்கள். அல்ட்ராமேனுக்கே 39 பகுதிகளில் மூன்று முகங்கள் உண்டு: முதல் 13 பகுதிகளுக்குச் சுருக்கம் விழுந்த மெல்லிய ரப்பர் முகம், 14 முதல் 29 வரை ஒன்று, 30க்குப் பிறகு இன்னொன்று.

மாற்றம் செய்வதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. எளிதானது நிறம்: தெளித்தால் முடிந்தது. அடுத்தது கோடு. கடினமானது கண். கண் என்பது முகத்தில் பதித்த தனித் துண்டு. அதைச் சாய்க்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள முகத்தை அறுத்து, புதிய கோணத்தில் பொருத்தி, இடைவெளியை நிரப்பி, தேய்த்து, மறுபடி வண்ணம் பூச வேண்டும். கண்ணுக்குள் விளக்கு எரியும் உடை என்றால் அதையும் புதிதாக அமைக்க வேண்டும். அதனாலேயே பின்னாளில் வந்த பல போலிகள் "அதே உடை, கறுப்பு நிறம்" என்ற சுலப வழிக்குப் போனார்கள். பொம்மைக் கடைக்கும் அதுவே வசதி. ஒரே அச்சில் சிவப்புக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக்கை ஊற்றினால் இன்னொரு பொம்மை கிடைத்துவிடும்.

உடை தயாரானதும் வேலை முடிந்துவிடாது. சண்டைக் காட்சியில்தான் போலி கெட்டுப்போகிறான். தூரத்தில் இருந்து எடுத்த காட்சியில் சாய்ந்த கண் தெரியாது. இருவரும் ஒருமுறை உருண்டு எழுந்தால் யார் யார் என்று குழம்பிவிடும். இதற்கு மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, அசல் எப்போதும் திரையின் ஒரே பக்கம் நிற்பது. இடம் மாற வேண்டியிருந்தால் அதற்குமுன் ஒரு அண்மைக் காட்சி போட்டுக் கண்ணைக் காட்டுவது. இன்னொன்று, உடல்மொழி. அசல் நிற்கும் நிலை பிள்ளைகளுக்கு மனப்பாடம். போலி தோளைத் தூக்கி, விரல்களை நகம்போல் விரித்து, தலையைச் சாய்த்து நிற்பான். மூன்றாவது குரல். கவசத்துக்குள் பேசும் வசனங்கள் எப்படியும் பிறகுதான் பதிவாகின்றன. அதே நடிகரின் குரலைத் தாழ்த்தியோ எதிரொலி சேர்த்தோ போட்டுவிடலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல், அசலின் உடை பழையது. மாதக்கணக்கில் வெயிலிலும் கல்குவாரிப் புழுதியிலும் உருண்டு மங்கிப்போயிருக்கும். போலியின் உடை நேற்றுத் தைத்தது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் போலிதான் நாயகன் மாதிரி மின்னுவான்.

1966 பகுதிக்குத் திரும்பினால், சண்டையின் நடுவே அல்ட்ராமேன் போலியின் முகத்தில் கையால் வெட்டுகிறார்; அடுத்த கணம் தன் கையை உதறிக்கொள்கிறார், வலிப்பதுபோல். உடைக்குள் இருந்தவர் சத்தோஷி புருயா. அந்த உடையில் கண்ணுக்குக் கீழே துளைத்த சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். தூரத்தைக் கணிப்பது கடினம். எதிரே இருப்பது கெட்டியான முகமூடி. அது நடிப்பில்லை, நிஜமாகவே அடிபட்டது என்று ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காட்சியை வெட்டாமல் விட்டது நல்லதாயிற்று. தன்னையே அடித்தால் தனக்கே வலிக்கும் என்பதுபோல் அது அமைந்துவிட்டது.

எட்டு ரைடர்கள்

காமென் ரைடர் 1971 ஏப்ரல் முதல் 1973 பிப்ரவரி வரை 98 பகுதிகள் ஓடிய தொடர். கெட்ட கூட்டமான ஷாக்கர், ஹோங்கோ தக்கேஷி என்ற இளைஞனைக் கடத்தி, வெட்டுக்கிளியின் வலுவுள்ள மாற்றுமனிதனாக்குகிறது. மூளையை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குமுன் அவன் தப்பிவிடுகிறான். அவன் சண்டை போடும் அரக்கர்கள் அத்தனை பேரும் அவன் படுத்த அதே மேசையில் பிறந்தவர்கள். ஆக, இந்தத் தொடரில் போலி நாயகன் வந்துதான் ஆக வேண்டும். செய்முறை எதிரியின் கையில் இருக்கிறது. ஒன்று செய்தவன் இன்னொன்று செய்ய எவ்வளவு நேரமாகும்?

ஆனாலும் தொலைக்காட்சியில் அது கடைசிக் கட்டத்தில்தான் வந்தது, 92 முதல் 94 வரை மூன்று பகுதிகளில். 93ஆவது பகுதியின் தலைப்பே 'எட்டு காமென் ரைடர்கள்'. அசல் இரண்டு, போலி ஆறு. அசல் முதலாம் ரைடருக்கு அப்போது வெள்ளிக் கையுறை, வெள்ளி பூட்ஸ்; இரண்டாம் ரைடருக்குச் சிவப்பு; இருவர் கழுத்திலும் சிவப்புத் துண்டு. போலிகள் ஆறு பேருக்கும் மஞ்சள் கையுறை, மஞ்சள் பூட்ஸ். துண்டு மட்டும் ஆளுக்கொரு நிறம்: மஞ்சள், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு. முகத்தில் ஒரு கீறல்கூட மாற்றவில்லை. 1973க்குள் வண்ணப் பெட்டி பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. 1966இல் கோணத்துக்கும் கோட்டுக்கும் கொடுத்த வேலையை இப்போது துணிக்கும் சாயத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். செலவு மிச்சம், ஆறு பேரைக் காட்டவும் முடிந்தது.

கதைக்குள் இருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் கையுறை உறைக்காது. இதைக் கேலி செய்யாத ரசிகர் இல்லை. ஆனால் மேடை நாடகத்தில் தனிமொழி பேசும்போது பக்கத்தில் நிற்பவர் காது கேளாதவராகிவிடுவாரே, அந்த ஒப்பந்தம்தான் இதுவும்.

ஆறு பேரை எப்படித் தோற்கடிப்பது? ஒவ்வொருவராக அடித்தால் நேரம் போதாது. வலிமையிலும் அவர்கள் அசலுக்குச் சமம். எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி 'ரைடர் சக்கரம்'. அசல் இருவரும் வட்டமாக ஓடுகிறார்கள். போலிகள் ஆறு பேரும் துரத்தி அதே வட்டத்தில் விழுகிறார்கள். வேகம் ஏறியதும் அசல் இருவரும் எகிறிக் குதிக்க, பழக்கதோஷத்தில் ஆறு பேரும் அதேபோல் குதிக்கிறார்கள். நடுவானில் ஒருவரோடொருவர் மோதி வெடிக்கிறார்கள். நகல் என்றால் அசல் செய்வதைச் செய்துதானே ஆக வேண்டும். அந்தக் குணத்தையே கண்ணியாக்கியது நல்ல கெட்டிக்காரத்தனம்.

இதே கருவை, காமென் ரைடரைப் படைத்த ஷோத்தாரோ இஷினோமோரி தன் சித்திரக்கதையில் வேறுவிதமாகக் கையாண்டார். அங்கே பன்னிரண்டு போலிகள். அவர்கள் ஹோங்கோவைச் சூழ்ந்து கொன்றேவிடுகிறார்கள். அந்தச் சண்டையில் தலையில் அடிபட்ட ஒரு போலியின் மனக்கட்டு அவிழ்கிறது. அவன்தான் இச்சிமோன்ஜி, இரண்டாம் காமென் ரைடராகப் பொறுப்பை ஏற்பவன். தொலைக்காட்சித் தொடரில் இரண்டாம் ரைடர் வந்த காரணமோ கதைக்கு வெளியே இருக்கிறது. ஹோங்கோவாக நடித்த ஹிரோஷி புஜியோக்கா படப்பிடிப்பில் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்துவிட்டார். 14ஆவது பகுதி முதல் தக்கேஷி சசாக்கி வந்தார். ஒரு பக்கம் விபத்து, மறுபக்கம் திருந்திய போலி. இரண்டும் ஒரே நாற்காலியை நிரப்பின. சித்திரக்கதையின் வழிதான் கனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. போலி ஒருவன் அசலின் இடத்துக்கு வந்த பிறகு 'அசல்' என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது.

ஆள்மாறாட்டம் செய்யாத போலிகள்

பெயரைக் கெடுக்க வருபவன் ஒரு வகை. அவன் கதை இருபத்தைந்து நிமிடத்துக்குமேல் தாங்காது. குட்டு வெளிப்பட்டதும் அவன் சாதாரண அரக்கன். அதனால் எழுத்தாளர்கள் சீக்கிரமே இன்னொரு வகைக்குத் தாவினார்கள். யாரையும் ஏமாற்றாதவன், ஆனால் நாயகனின் அளவெடுத்துச் செய்தவன்.

1968இல் அல்ட்ராசெவன் 46ஆவது பகுதியில் ஸலோமே கோளத்தார் நாயகனைப் பிடித்துவைத்து, அவன் ஒளிக்கற்றையின் இரகசியத்தைக் கறந்து, இயந்திரச் செவன் ஒன்றைக் கட்டுகிறார்கள். உடம்பில் அங்கங்கே உலோகப் பட்டைகள். இது இயந்திரம் என்று பார்த்தவுடன் தெரியும். அசலிடம் இருந்து கடைசித் துண்டுத் தகவல் கிடைக்கும்வரை போலி முழுமையடையாது என்பதுதான் இதில் புதுமை. பிடிபட்டவன் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறான் என்பதே கதையின் இழுபறி.

ஜின்சோ நிங்கென் கிக்காய்டர் தொடரில் வரும் ஹக்காய்டர் நகலே அல்ல. நிறமும் வேறு, முகமும் வேறு. நாயகனின் தலையில் பாதி கண்ணாடிக்குள் இயந்திரங்கள் தெரியும்; இவன் தலையில் கண்ணாடிக்குள் நிஜ மூளை தெரியும். அது நாயகனைப் படைத்த விஞ்ஞானியின் மூளை. அடித்தால் தந்தை சாவார், அடிக்காவிட்டால் தான் சாவான். எதிரியின் தலைக்குள்ளேயே பணயக்கைதியை வைத்த அந்த யோசனைக்கு ஈடாக வந்தவை குறைவு. காமென் ரைடர் பிளாக்கின் (1987–88) ஷேடோ மூனும் இந்த வகை: கூடவே வளர்ந்த சகோதரன், அதே சடங்குக்கு ஆளானவன். அவன் நடக்கும்போது உலோகக் காலடி 'கிளிக் கிளிக்' என்று கேட்கும். உருவம் திரைக்கு வருமுன்பே ஓசை வந்துவிடும். அடையாளத்தைக் கண்ணிலிருந்து காதுக்கு மாற்றியது அந்தத் தொடரின் நல்ல தந்திரம்.

இந்த வகையின் உச்சம் 1997இல் வந்த டென்ஜி சென்டாய் மெகாரேஞ்சர் தொடரில் ஐந்து வண்ண நாயகர்களுக்கு எதிராக வந்த நெஜிரேஞ்சர்கள். அந்த உடைகளையும் சண்டைக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டு அமெரிக்கர்கள் 1998இல் பவர் ரேஞ்சர்ஸ் இன் ஸ்பேஸ் தொடரில் 'சைக்கோ ரேஞ்சர்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அதே ஐந்து நிறம். கவசத்தின் வார்ப்பு மட்டும் முறுக்கிய தசைபோலவும் கூரிய முட்கள்போலவும் இருக்கும். நிறத்தை மாற்றும் சுலப வழி இங்கே அடைபட்டுப்போனது; சிவப்புக்கு எதிரி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மறுபடி வெளிவடிவத்துக்குத் திரும்பினார்கள். 1966இல் பூட்ஸ் நுனியைக் கூராக்கிய அதே கை இங்கே உடம்பு முழுவதையும் கூராக்கியிருக்கிறது.

ஒவ்வொரு சைக்கோவும் தன் நிறத்து ரேஞ்சரைக் கொல்வதற்கென்றே படைக்கப்பட்டவன். அவன் அடி, தப்பும் விதம், பலவீனம் எல்லாம் இவனுக்குத் தெரியும். முதல் மோதலிலேயே ரேஞ்சர்கள் அடிவாங்குகிறார்கள். பிறகு நடப்பது குழந்தைகள் தொடரில் அபூர்வமான ஒன்று: வலிமையைக் கூட்டாமல் தகவலை மறைத்து ஜெயிக்கப் பார்ப்பது. ஒரு பகுதியில் ரேஞ்சர்கள் ஐவரும் நீல நிறத்தில் தோன்றுகிறார்கள். தன் இரை எது என்று தெரியாமல் சைக்கோக்கள் தடுமாறுகிறார்கள். இன்னொரு பகுதியில் சைக்கோக்கள் குரலை வைத்து ஆளைத் தேடுகிறார்கள். ரேஞ்சர்கள் வாய் திறக்காமல் ஊருக்குள் நடமாட வேண்டியிருக்கிறது. கவசம் போட்டவனின் உண்மையான தையல் அவன் குரல் என்பதை, பின்னணிக் குரல் பதிவில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்கள்தான் யோசித்திருக்க முடியும்.

அவர்கள் தோற்ற காரணமும் படைப்பிலேயே இருந்தது. தன் இரையைத் தானே கொல்ல வேண்டும் என்ற வெறியில் ஒருவருக்கொருவர் குறுக்கே விழுந்தார்கள். ஐந்து பேர் இருந்தும் குழு இல்லை. போதாக்குறைக்கு, அவர்களுக்கான சக்தியை, அவர்களைப் படைத்த வில்லி ஆஸ்ட்ரோனிமா தன் தலைவன் டார்க் ஸ்பெக்டரிடமிருந்து உறிஞ்சிக் கொடுத்தாள். அவர்கள் சண்டை போடப்போட அவன் தேய்ந்தான். கதைக்குள் இருக்கும் பெரிய சதி அதுதான், ரேஞ்சர்கள் அதில் வெறும் சாக்கு. அடுத்த ஆண்டு லாஸ்ட் கேலக்ஸி தொடரில் சைக்கோக்கள் திரும்ப வந்தபோது பிங்க் ரேஞ்சர் கென்ட்ரிக்ஸ் உயிரையே விட நேர்ந்தது. வாராவாரம் வந்து வெடித்த அரக்கர் யாரும் செய்யாததைப் போலிகள் செய்தார்கள்.

நாயகன் கையில் கறை படாமல்

அமெரிக்கக் குழந்தைகள் தொடருக்கு இன்னொரு கவலை உண்டு. நாயகன் கெட்டது செய்ததாகக் காட்ட வேண்டும், ஆனால் பழி அவன்மேல் விழக்கூடாது. ஜப்பானின் ஸியுரேஞ்சரில் (1992) பச்சை வீரன் புராய், சிவப்பு வீரனின் அண்ணன்; அவன் கோபத்துக்குக் குடும்பப் பகை என்ற சொந்தக் காரணம் இருந்தது. அதே காட்சிகளை வைத்து 1993 அக்டோபரில் மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ் ஐந்து பகுதிகளாக 'கிரீன் வித் ஈவில்' எடுத்தபோது பகையை நீக்கிவிட்டுச் சூனியக்காரி ரீட்டாவின் வசியத்தை வைத்தார்கள். பச்சை ரேஞ்சராக்கப்பட்ட டாமி என்ற மாணவன் மற்ற ரேஞ்சர்களின் தலைமையகத்தைச் சூறையாடுகிறான், நண்பர்களை வீழ்த்துகிறான். சிவப்பு ரேஞ்சர் ஜேசன் அவனுடைய இருள் வாளை உடைத்ததும் வசியம் தெளிகிறது. செய்தது அவன் கை, குற்றம் வாளுக்கு.

இரண்டாம் பருவத்தில் டாமி வெள்ளை ரேஞ்சராகிவிட்டான். அப்போது ஒரு மந்திரவாதி அவன் தலைமுடியிலிருந்து நகல் எடுத்துப் பச்சை உடையில் மறுபடி அனுப்புகிறான். முன்பு வசியத்தில் ஒருவன் செய்ததை இப்போது இருவராகப் பிரித்தாயிற்று. வெள்ளையும் பச்சையும் ஒரே காட்சியில் மோதலாம், குழப்பமே இல்லை. இரண்டு உடையும் இரண்டு வெவ்வேறு ஜப்பானியத் தொடர்களிலிருந்து வந்தவை. முகம் தெரியும் காட்சிகளில்தான் டாமியாக நடித்த ஜேசன் டேவிட் ஃபிராங்கை இரண்டு முறை காட்ட வேண்டிய பழைய பாடு திரும்பியது.

குற்றத்தின் அளவையும் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் ரேஞ்சர்கள் உருவில் வரும் போலிகள் பள்ளிக்கூடத்தில் குறும்பு செய்து, அசல் ஐவருக்கும் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாத தண்டனை வாங்கித் தருகிறார்கள். உலகத்தை அழிப்பதைவிட இது அற்பம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். செய்யாத தப்புக்கு வாத்தியாரிடம் மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்பது எட்டு வயதுக்காரனுக்குத்தான் தெரியும்.

கார்ட்டூனில் உடைச் செலவு கிடையாது, அச்சும் கிடையாது. அங்கே போலி வருவது முழுக்கக் கதைக்காக. மூன்று சிறுமிகள் நாயகிகளாக வரும் பவர்பஃப் கேர்ள்ஸில் 1999இல் வந்த ரௌடிரஃப் பாய்ஸ் இதற்கு நல்ல சான்று. சர்க்கரை, மசாலா, நல்லவை எல்லாம் சேர்த்துப் பெண்கள் பிறந்தார்கள் என்றால், சிறைக்குள் இருக்கும் வில்லக் குரங்கு மோஜோ ஜோஜோ அக்குள் முடி, நத்தை, நாய்க்குட்டி வால் ஆகியவற்றைச் சிறைக் கழிப்பறைத் தண்ணீரில் போட்டு மூன்று பையன்களைச் செய்கிறான். அடிக்கு அடி சமம். கடைசியில் பெண்கள் முத்தம் கொடுக்க, பையன்கள் கூச்சத்தில் வெடித்துப்போகிறார்கள். 2003இல் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது எழுதியவர்கள் முத்தத்தையே பையன்களுக்கு உரமாக்கிவிட்டார்கள். கொடுத்தால் இன்னும் பெரிதாக வளர்கிறார்கள். ஒரே சாவியில் ஒரே பூட்டை இரண்டு தடவை திறக்க விடவில்லை. வழக்கமாக இந்த வகைத் தொடர்கள் சறுக்குவது இங்கேதான்: போலி திரும்ப வருவான், முதல் தடவை தோற்ற அதே வழியில் தோற்பான்.

'அதே உடை, கறுப்பு நிறம்' வகைக்குக் கதையில் ஒரு நியாயம் தேடியதில் 2002இன் காமென் ரைடர் ரியூக்கியைச் சொல்லலாம். சண்டை நடக்கும் உலகமே கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே கடைப் பலகை எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். சிவப்பு ரியூக்கிக்குக் கறுப்பு ரியூகா, சிவப்பு டிராகனுக்குக் கறுப்பு டிராகன். நாயகனின் கண்ணாடிப் பிம்பம்தான் எதிரி என்பதால் ஒரே உடை இருப்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஸாராப் கோளத்தார் தங்கள் தொழிலை விடவில்லை. 2006இல், முதல் அல்ட்ராமேன் வந்து 40 ஆண்டு நிறைந்தபோது வெளியான திரைப்படத்தில் அவர்கள் இளைய நாயகன் மெபியஸின் வேடத்தில் கோபே நகரத்தில் இறங்கினார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருந்தன. எந்த நிறத்தை வேண்டுமானாலும் பூசியிருக்கலாம். ஆனால் போலி மெபியஸின் பட்டைகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடியது, பூட்ஸ் நுனி கூராக இருந்தது, கண்கள் இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன.